இன்னும் கேட்டு முடிக்கவில்லை

பட்டர்வொர்த்,
ஞாயிறு காலை.

அன்புள்ள தம்பி,

நலம். நலமறிய ஆவல். இம்மாதப் பணமும் நான்காம் தேதியே வந்து சேர்ந்தது. தைப்பூசத்திற்கு நீ வராததை நான் பெரிதுபடுத்தவில்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஐந்நூறு படிக்கு மேல் ஏற வேண்டுமென்பதால், முழங்கால் வலியோடு நானும் அடிவாரத்திலேயே கும்பிட்டுத் திரும்பிவிட்டேன். உன் அம்மாதான் காவடி எடுத்து வந்தவர்களில் உன் வயதுப் பையன்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேளைக்குச் சாப்பிடு. ஊருக்கு வருவதானால் இரவு நெடுஞ்சாலையில் மோட்டார்சைக்கிள் வேண்டாம், பேருந்தில் வா.

கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் எஸ்.பி.எம். என்ற ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு எழுதும் மாணவர்களுக்கு நடக்கும் வகுப்புக்கு நான் போய் வருவதை அக்காள் சொல்லியிருப்பாள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், உனக்கும் தெரிந்தவர்தான், ஒரே ஒரு நாள் வந்து வயர்மேன் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார். அந்த ஒரு நாள் ஏழு மாதமாக நீண்டிருக்கிறது. பினாங்குப் பாலம் திறந்த 1985ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்து, அறுபது வயதுவரை தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவிலேயே இருந்தவன் நான். பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுக்க என்னிடம் நிறைய இருக்கிறது என்ற மிதப்போடுதான் போனேன்.

இரண்டாம் வாரமே ஒரு பையன், மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவியான ஈ.எல்.சி.பி.க்கு ஆள் தொட்டது எப்படித் தெரிகிறது என்று கேட்டான். எத்தனை நூறு மாட்டியிருப்பேன், எத்தனை கழற்றியிருப்பேன்! இருந்தும் அன்று என் வாயிலிருந்து வந்ததெல்லாம் 'ஷாக் அடித்தால் ட்ரிப் ஆகும்' என்பதுதான். அவன் கேட்டதையே அவனுக்குத் திருப்பிச் சொன்னேன். அன்றிரவு பழைய நோட்டுப்புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, தொழில் பழகுபவனைப்போல் உட்கார்ந்தேன். உள்ளே ஒரு வளையம் இருக்கிறது. மின்சாரம் போகிற லைவ் கம்பியும் திரும்பி வருகிற நியூட்ரல் கம்பியும் அதனூடே செல்கின்றன. போகிற மின்னோட்டமும் திரும்பி வருகிற மின்னோட்டமும் சமமாக இருக்கும்வரை ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது இல்லாமலாக்கிவிடுகிறது. ஈரச் சுவர் வழியாகவோ ஆளின் உடல் வழியாகவோ கொஞ்சம் மண்ணுக்குள் போய்விட்டால், போன அளவு திரும்பி வருவதில்லை. அந்தக் குறை 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால், அதாவது ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு, இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். மறுவாரம் இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது அந்தப் பையனைவிட எனக்குத்தான் அதிக மகிழ்ச்சி.

இதை ஆசிரியரிடம் சொன்னதற்கு அவர் சிரித்துவிட்டு நன்னூலை எடுத்துக்காட்டினார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு கருத்தாகக் கேட்டாலும் மாணவனுக்குக் காற்பங்குதான் கிடைக்கும், உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால், மிச்சமுள்ள அரைப்பங்கு அவனே பிறருக்குச் செம்மையாக எடுத்துச் சொல்லும்போதுதான் வரும் என்று பவணந்தி முனிவர் எழுதியிருக்கிறாராம். உனக்கு அந்த நூற்பாவே தெரிந்திருக்கும். அப்படிப் பார்த்தால் முப்பத்தொன்பது ஆண்டுகள் அரைப் படிப்போடுதான் சம்பளம் வாங்கியிருக்கிறேன். ஓய்வு பெற்ற புதிதில் காலையில் எழுந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, இப்போது வியாழக்கிழமையே சனிக்கிழமை நினைப்பு வந்துவிடுகிறது. மூன்று வாரம் வாயே திறக்காமல் இருந்த ஒரு பையன் பழுதான மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் இப்போது தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறான். அதில் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. போன வாரம் ஒரு மாணவி எழுந்து, "அங்கிள், ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு லைவ் கம்பியைத் தொட்டால்..." என்றாள். "பெரும்பாலும் ஷாக் அடிக்காது, ட்ரிப்பும் ஆகாது, ஆனாலும் தொடக்கூடாது" என்று நான் மளமளவென்று சொல்லிவிட்டு அடுத்தவன் பக்கம் திரும்பினேன். அவள் உட்காரவில்லை. "நான் இன்னும் கேட்டு முடிக்கவில்லை, அங்கிள்" என்றாள். வகுப்பு சிரித்தது. ட்ரிப் ஆகாமல் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் கோளாறு இல்லை என்று எப்படி முடிவு செய்வது என்பதுதான் அவள் கேட்க வந்தது. முடிவு செய்ய முடியாது. ரப்பர் செருப்பில் நிற்பவன் லைவையும் நியூட்ரலையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டால், மின்சாரம் அவன் உடலுக்குள்ளேயே போய், போன அளவு குறையாமல் திரும்பி வரும். வளையத்துக்கு எதுவும் தெரியாது. ஒயரின் காப்புறையைச் சோதிக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்தால்தான் ஒயரின் உண்மை நிலை தெரியும். இத்தனை நல்ல கேள்வியைப் பாதியில் வெட்டப் பார்த்தேனே என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனம் அடித்துக்கொண்டது.

உன் எஸ்.பி.எம். முடிவு வந்த இரவு நீ சாப்பாட்டு மேசைக்கு எதிரில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "அப்பா, ஆறாம் படிவம் போய்விட்டு, அப்புறம் மலாயாப் பல்கலைக்கழகத்தில்..." என்று தொடங்கினாய். உன் பையில் இந்திய ஆய்வியல் துறையைப் பற்றிய தாளை நான் முன்பே பார்த்திருந்ததால், மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டு, தமிழ் படித்தால் சோறு கிடைக்குமா என்று கத்திவிட்டேன். நீ நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு அறைக்குப் போனாய். நான் சொன்ன எலெக்ட்ரிக்கல் படிப்பையே படித்தாய், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த வாக்கியத்தை நீ எப்படி முடித்திருப்பாய் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. யார் பிள்ளைகளோ கேட்பதற்கு ஏழு மாதமாகப் பதில் சொல்லிவருகிறேன். நீ சொல்ல வந்ததை ஒரு நிமிடம் நின்று கேட்கவில்லை. தவறு என்னுடையதுதான், தம்பி.

வேலை எப்படிப் போகிறது என்று கேட்க மாட்டேன். யாரும் எதுவும் சொல்லவுமில்லை. எனக்கு ஈ.பி.எஃப். சேமநிதிப் பணம் போதுமானதாக இருக்கிறது. இரண்டு மூன்று மாதம் நீ அனுப்பாவிட்டாலும் இங்கே அடுப்பு எரியும், அம்மாவுக்கும் அது தெரியும். வேளைக்குச் சாப்பிடு. பேருந்தில் வா.

உன் வாடகை வீட்டு ஈ.எல்.சி.பி.யில் 'T' என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும். நீ பார்க்கிறாயோ என்னவோ. இன்று அழுத்திப் பார்த்துவிட்டு, ட்ரிப் ஆனதா இல்லையா என்று எனக்குச் சொல். பேச முடியாவிட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். பேசுவதானால் எந்த நேரமென்றாலும் கூப்பிடு, நான் குறுக்கே பேச மாட்டேன்.

அன்புடன்,
அப்பா