ஞாயிறு நடை: சேப்பாக்கம் செனட் ஹவுஸ்

நண்பர்களே, இந்த ஞாயிறு காலை 6.30 மணிக்குக் காமராசர் சாலையில், சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எதிரே கடற்கரைப் பக்க நடைபாதையில் கூடுகிறோம். உள்ளே போக அனுமதி கேட்கவில்லை, வெளியிலிருந்துதான் பார்க்கிறோம்.

செனட் ஹவுஸ், ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1874 முதல் 1879 வரை கட்டிய பல்கலைக்கழக மண்டபம். நான்கு மூலைக் கோபுரங்களையும் நிதானமாகப் பாருங்கள். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும்போது சுண்ணாம்புச் சாந்து ஏன் வேண்டும் என்பதையும் அங்கேயே பேசுவோம். செங்கல் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உதிரும். இது தெரியாமல் சிமென்டும் பெயின்டும் அடித்துவிட்டுப் புதுப்பித்தோம் என்கிறார்கள்!

பழைய கட்டடத்தை விரிவாக்குவது என்றால் மேலே ஒரு மாடி எழுப்புவது என்று நினைக்கும் கட்டடவியல் மாணவர்கள் அவசியம் வரவும். தண்ணீர், தொப்பி கொண்டுவாருங்கள். வருபவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் இங்கே பெயரைப் பதியுங்கள்.