மின்பிறப்பாக்கித் தீ: ஞாயிறு கூட்டம்

கிளிநொச்சி அயல் உறவுகளுக்கு வணக்கம்.

கடந்த வாரம் எங்கள் ஒழுங்கையில், ஓடிக்கொண்டிருந்த மின்பிறப்பாக்கியின் தாங்கி மூடியடியால் கசிந்த பெற்றோல் சூடான புகைக்குழாயில் சிந்தித் தீப்பற்றியதில், ஒருவருக்கு முழங்கைவரை வெந்துவிட்டது. இதுபற்றிப் பேச, வரும் ஞாயிறு மாலை 4 மணிக்குச் சனசமூக நிலையத்தில் கூடுகிறோம்.

1. இயந்திரத்தை நிறுத்தி, நன்றாக ஆறிய பின்னரே பெற்றோல் ஊற்றவும். விறாந்தையிலும் இயக்க வேண்டாம். புகையும் உயிரைப் பறிக்கும்.
2. எரிந்த இயந்திரத்தைத் திருத்தவோ கடைக்குத் திருப்பிக் கொடுக்கவோ வேண்டாம். அதுவே முதற் சான்று. கொடுத்துவிட்டுக் கையைப் பிசைந்து பயனில்லை.
3. பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, மருத்துவ அறிக்கை ஆகியவற்றைக் கொண்டுவரவும்.
4. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு (தொலைபேசி 1977), வாங்கி 3 மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். காயத்துக்கான நட்டஈட்டு வழக்குக்குப் பொதுவாக 2 ஆண்டுகளே கால எல்லை. வசதி குறைந்தோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

வருவோர் வெள்ளி இரவுக்குள் பதிலிடவும்.