எங்கள் பெயரைச் சொல்லிக் கருவைத் திருத்த வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பரம்பரை நோயுள்ள குடும்பங்களுக்காகவாவது கருவில் மரபணுத் திருத்தத்தை அனுமதிக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். எங்களுடையது அப்படிப்பட்ட குடும்பம். 14 வயது மகளுக்குத் தலசீமியா; உடம்பில் போதிய நல்ல ரத்தம் உருவாகாத பரம்பரை நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றத் தினமும் மாத்திரை. ஊசி போட நரம்பு தேடும்போது, எந்தக் கை என்று இப்போதெல்லாம் அவளே காட்டுகிறாள்.

நானும் கணவரும் அந்த மரபணுக் குறையைச் சுமப்பவர்கள். ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. சரி, இரண்டாவது குழந்தைக்கு என்ன செய்தோம்? ஆய்வகத்தில் உருவான கருக்களைப் பரிசோதித்து, நோயில்லாத ஒன்றைக் கருப்பையில் வைத்தார்கள். மகன் நன்றாக இருக்கிறான். எந்த மரபணுவையும் வெட்டவில்லை.

2018-ல் சீனாவில், மரபணு திருத்திய கருக்களிலிருந்து இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்க வைத்த விஞ்ஞானி ஹே ஜியான்குய் செய்ததும் தேவையில்லாத வேலைதான். அந்தக் குழந்தைகளின் தந்தைக்கு எச்.ஐ.வி. விந்தணுவைக் கழுவிப் பயன்படுத்தினாலே தொற்றைத் தடுத்துவிடலாம். அதையும் செய்துவிட்டு, எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழைய வழிவிடும் சிசிஆர்5 என்ற மரபணுவில், கருவிலேயே கை வைத்தார். நினைத்த மாற்றம் அப்படியே அமையவும் இல்லை. சோதனையைப் பொதுப் பதிவேட்டில் பதிவு செய்ததே வேலை முடிந்த பிறகு. அவருக்கு 3 ஆண்டு சிறை. அந்தக் குழந்தைகளுக்கு? அந்த மாற்றம் அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் போகலாம். கருவைத் திருத்தும் முன் அவர்களிடம் யாரும் கேட்டிருக்க முடியாது.

என் மகளுக்கான சிகிச்சை வேறு. 2023 நவம்பரில் பிரிட்டன் முதலில் அனுமதித்த காஸ்கெவி என்ற சிகிச்சை, நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களை (ரத்தத்தை உருவாக்கும் மூல செல்களை) வெளியே எடுத்து, மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் என்ற கருவி மூலம் திருத்தி, கடுமையான கீமோ கொடுத்த பின் திரும்பச் செலுத்துவது. அந்தத் திருத்தம் அவள் பிள்ளைகளுக்குப் போகாது. வேண்டுமா என்று அவளிடமே கேட்கவும் முடிகிறது. கேட்டேன். முடி கொட்டுமா என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, பின்னாளில் குழந்தை பெற முடியுமா என்றாள். கீமோவால் அதற்குப் பாதிப்பு வரலாம் என்பதை மறைக்காமல் சொன்னேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். எங்களுக்காகப் பேச விரும்புகிறவர்கள் இந்த விலையைப் பற்றிப் பேசட்டும். சட்டம் இயற்றுபவர்கள், திருத்திய கருவைக் கருப்பையில் வைப்பதைத் தடை செய்யட்டும். மற்ற மரபணுத் திருத்தச் சோதனைகள் எல்லாம் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று விதிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்