அன்னையர் தினத்தன்று குழந்தையை வெட்டிவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அன்னையர் தினத்தன்று உங்கள் ஞாயிறு இணைப்பில், கன்னத்தில் கை வைத்து எங்கோ பார்க்கும் ஒரு பெண்ணின் கறுப்பு வெள்ளைப் படம் வந்திருந்தது. கீழே ‘கவலையில் ஒரு தாய்’ என்று ஒரு வரி. எடுத்தவர் பெயர் இல்லை. சரி, அதுகூடப் போகட்டும். நெட்டுவாக்கில் உள்ள படத்தை அகலப் பெட்டிக்குள் அடைக்க, கீழ்ப்பகுதியை வெட்டியிருக்கிறீர்கள். அவர் மடியில் கைக்குழந்தை இருப்பதே அங்கேதான்!

நான் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிடித்த பத்துப் படங்களை நோட்டில் ஒட்டி, ஒவ்வொன்றிலும் எங்கள் கண்ணில் பட்டதை எழுதிவரச் சொன்னார் சார். என் நோட்டில் முதல் படம் இதுதான்.

1936இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங் எடுத்தது. உறைபனியில் பட்டாணிப் பயிர் கருகிப்போய், பறிக்க வந்த கூலிக்காரர்கள் வேலையில்லாமல் கிடந்த முகாம் அது. வேலை முடிந்து மழையில் காரோட்டி வீடு திரும்பிக்கொண்டிருந்த லாங், முகாமின் பலகையைப் பார்த்தும் நிற்கவில்லை. 20 மைல் போன பிறகுதான் மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பினார். எனக்கு இந்த இடத்தில் சுருக்கென்றது. போன மாதம் நிலக்கோட்டையில், பூ மூட்டைமேல் தலை சாய்த்துத் தூங்கிய ஒரு பாட்டியைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேமரா பையில்தான் இருந்தது. இறங்கவில்லை.

படத்தின் வலது கீழ் மூலையை உற்றுப் பார்த்தால், கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரல் புகைபோலத் தெரியும். அது உறுத்துகிறதென்று பின்னாளில் நெகட்டிவிலேயே அதை மறைக்கச் செய்தார் லாங். எங்கள் தாத்தா ஸ்டுடியோ வைத்திருந்தவர். கூர்சீவிய பென்சிலால் நெகட்டிவில் டச்சிங் செய்வார். பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். மாப்பிள்ளைகளின் பரு, தழும்பு எல்லாம் அப்படித்தான் மறைந்தன. ஆனால் இந்த விரல் முழுசாகப் போகவில்லை. நான் அதிக நேரம் பார்த்தது அந்த மூலையைத்தான். உங்கள் பெட்டியில் அதுவும் இல்லை.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன்கூடத் தன் படத்தை வெட்டினாரே என்று தோழி கேட்டாள். 1932இல் பாரிஸின் சேன் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்புறம், தேங்கிய நீரைத் தாண்டிக் குதிப்பவரை எடுத்தாரே, அந்தப் படம். குதிகால் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. பின்னால் சுவரொட்டியிலும் ஒருத்தி துள்ளுகிறாள். வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்ததால் ஒரு பக்கம் மறைந்துபோனது, அதனால் வெட்டினார். ஆனால் அது எடுத்தவரே வெட்டியது. நீங்கள் வெட்டியது பத்தி அளவுக்காக.

பெயர் விஷயத்தில் எனக்கு லாங்மீதும் வருத்தம் உண்டு. அந்தப் பெண்ணின் வயது 32 என்று கேட்டுக்கொண்டவர், பெயரைக் கேட்கவில்லை. அவர் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகத்துக்குத் தெரிந்ததே 1978இல், ஒரு பத்திரிகை நிருபர் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான். உலகமெங்கும் அச்சான அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் நொந்துகொண்டார். அடுத்த முறை அந்தப் படத்தைப் போட்டால், இரண்டு பெயரையும் போடுங்கள். இடம் போதாவிட்டால் தபால் தலை அளவில் போட்டாலும் போதும், முழுசாகப் போடுங்கள்.

நோட்டில் உங்கள் பேப்பர் படத்தைத்தான் ஒட்டினேன். அதற்குக் கீழே, விட்டுப்போன குழந்தையைத் தாத்தாவின் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறேன். மூக்கு சரியாக வரவில்லை.

இப்படிக்கு,
விஸ்காம் மாணவி,
திண்டுக்கல்.