மெர்க்கிள் ஒருவர் மீது ஏன் இந்தப் பழி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் 1908-ஆம் ஆண்டின் அமெரிக்க பேஸ்பால் போட்டிகள் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். தமிழில் பேஸ்பால் பற்றி எழுத ஆள் கிடைப்பதே அரிது. அந்த வகையில் நன்றி. ஆனால் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி லீக் பட்டத்தை இழந்ததற்கு, பத்தொன்பதே வயதான பிரெட் மெர்க்கிள் தலையில் முழுப் பழியையும் கட்டுரையாளர் ஏற்றிவிட்டாரே, அது என்ன நியாயம்?

செப்டம்பர் 23, போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். சிகாகோ கப்ஸ் அணியுடனான ஆட்டம் 1-1 என நிற்கிறது. ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸில் ஜயண்ட்ஸ் அடித்தாடுகிறது, இரண்டு பேர் அவுட். வழக்கமாக முதல் பேஸில் (ரன் எடுக்க ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) ஆடும் பிரெட் டென்னிக்கு இடுப்புவலி என்பதால்தான் அன்று மெர்க்கிளுக்கு இடமே கிடைத்தது. மெர்க்கிள் அடித்து முதல் பேஸை எட்டினார்; அந்த அடியில்தான் சக வீரர் மெக்கார்மிக் மூன்றாம் பேஸுக்குப் போனார். கட்டுரையில் இதைக் காணோம். அடுத்து வந்த பிரிட்வெல் பந்தை நடு மைதானத்துக்கு அடித்தார், மெக்கார்மிக் ஓடி வந்து ரன்னை முடித்தார். வெற்றி என்று நினைத்து ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய, மெர்க்கிள் இரண்டாம் பேஸைத் தொடாமலே உடை மாற்றும் அறைப் பக்கம் ஓடிவிட்டார்.

அடித்தவருக்கு முதல் பேஸை விட்டுவிட்டு அங்கிருப்பவர் இரண்டாம் பேஸுக்குப் போயே ஆக வேண்டும். அதற்குமுன் எதிரணி ஆட்டக்காரர் பந்தோடு அந்த பேஸை மிதித்தால் அவர் அவுட். அதுவே மூன்றாவது அவுட் என்றால் ரன்னும் செல்லாது. கப்ஸ் அணியின் ஜானி எவர்ஸ் பந்தைக் கேட்டுக் கத்தினார். விஷயம் புரிந்த ஜயண்ட்ஸ் வீரர் மெக்கினிட்டி பந்தைப் பறித்துக் கூட்டத்துக்குள் எறிந்தார். எவர்ஸ் கடைசியில் ஏதோ ஒரு பந்தோடு பேஸில் நின்றார். அது ஆட்டப் பந்துதானா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை! நடுவர் ஹேங்க் ஓடே அவுட் கொடுத்தார், ஆட்டம் சமன் ஆனது.

இதே எவர்ஸ் செப்டம்பர் 4 அன்று பிட்ஸ்பர்க்கில் இதே முறையீட்டை இதே ஓடேயிடம் வைத்தார். அங்கே இரண்டாம் பேஸைத் தொடாமல் போனவர் வாரன் கில். தாம் பார்க்கவில்லை என்று ஓடே தள்ளிவிட்டார். ஆட்டம் முடிந்தால் பேஸைத் தொடாமல் ஓடுவது அன்று எல்லோருக்கும் வழக்கமாக இருந்தது. அந்த வழக்கத்துக்கு முதல் பலி ஆனவர் மெர்க்கிள், அவ்வளவுதான்.

பட்டம் போனது அன்றைக்கும் அல்ல. அதன் பிறகு பிலடெல்பியாவின் பந்தெறிபவர் ஹாரி கோவலெஸ்கி ஐந்து நாளில் மூன்று முறை ஜயண்ட்ஸை வீழ்த்தினார். அதில் ஒன்றை வென்றிருந்தாலே, சமன் ஆன ஆட்டத்துக்குப் பதிலாக அக்டோபர் 8 அன்று கப்ஸோடு நடந்த மறு ஆட்டத்துக்கு முன் ஜயண்ட்ஸ் முன்னிலையில் இருந்திருக்கும். அந்த மறு ஆட்டத்தில் தோற்றவரும் அந்த ஆண்டு 37 ஆட்டங்களை வென்றிருந்த ஜயண்ட்ஸ் பந்தெறிபவர் கிறிஸ்டி மேத்யூசன். மெர்க்கிளைச் சொன்னதுபோல அவரை யாரும் மடையன் என்று சொல்லவில்லை. மேலாளர் மெக்ரா மெர்க்கிளைக் கைவிடவில்லை. 1911, 1912, 1913 மூன்று ஆண்டும் ஜயண்ட்ஸ் லீக் பட்டம் வென்றபோது முதல் பேஸில் ஆடியவர் அவரே.

இன்னொரு குறை. அக்டோபர் 2 அன்று கிளீவ்லாந்தில் அந்த ஊர் அணியின் பந்தெறிபவர் ஆடி ஜாஸ், சிகாகோ ஒயிட் சாக்ஸின் 27 பேரையும் ஒருவர்கூட பேஸை எட்டாதபடி வீழ்த்தினார். எதிரே பந்தெறிந்த எட் வால்ஷ், அந்த ஆண்டு 40 வெற்றி கண்டவர், அன்று 15 பேரைப் பந்தை அடிக்க விடாமல் அவுட் (ஸ்டிரைக் அவுட்) செய்தும் 1-0 என்று தோற்றார். இப்படியொரு ஆட்டத்துக்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த இதழில் இதற்கும் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்