பின்நவீனத்துவம்: எந்த நவீனத்துக்குப் பின்?

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். ‘பின்நவீனத்துவத்தின் பண்புகளை விளக்குக’ என்ற வினாவைக் கோட்பாட்டுத் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இந்த வினாவுக்காக மாணவர்கள் ஒரு பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள்: நேர்கோடற்ற கதை, கதைக்குள் கதை, வாசகரோடு நேரடிப் பேச்சு, பகடி. இதை அளவுகோலாக வைத்தால் விக்கிரமாதித்தன் கதையும் பின்நவீனத்துவம்தான். கூத்துக் களத்தில் சபையைப் பார்த்துப் பேசும் கட்டியங்காரனும் பின்நவீனத்துவவாதிதான். உத்திகள் பழையவை. எந்த நவீனத்தோடு முரண்பட்டு அவை கையாளப்படுகின்றன என்பதில்தான் இந்தச் சொல்லின் பொருளே இருக்கிறது.

அதனால் பாடத்தைக் கட்டடக்கலையில் தொடங்குங்கள். அங்கே கண்ணாலேயே பார்த்துவிடலாம். நியூயார்க்கில் 1958-இல் எழுந்த சீக்ராம் கட்டடம் வெண்கலமும் கண்ணாடியுமான நவீனத்துவ நேர்ப்பெட்டி. கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோவோடு அதில் பணியாற்றியவர் ஃபிலிப் ஜான்சன். அதே ஜான்சன், 1984-இல் முடிந்த ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனக் கட்டடத்துக்கு இளஞ்சிவப்புக் கருங்கல் போர்த்தி, உச்சியில் பழைய மர அலமாரியின் முகப்பைப் போல நடுவில் பிளந்த முக்கோணம் வைத்தார். உள்ளே எஃகுச் சட்டகம், தலையில் பழங்கால அலங்காரம். இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் ‘பின்’ எதற்குப் பின் என்பது விளங்கிவிடும்.

அடுத்த சிக்கல், பிரெஞ்சு மெய்யியலாளர் லியோதாரைத் தவறாகப் புரிந்துகொள்வது. அவருடைய 1979 நூல், கியூபெக் அரசின் பல்கலைக்கழகக் குழுவுக்காக எழுதிய அறிக்கை. வளர்ந்த சமூகங்களில் அறிவு எதைச் சொல்லித் தன்னை நியாயப்படுத்திக்கொள்கிறது என்பதே அதன் கேள்வி. ‘மானுட விடுதலை’ போன்ற அந்த நியாயக் கதைகளைத்தான் பெருங்கதையாடல் என்கிறோம். அவற்றின்மேல் நம்பிக்கை தளர்ந்துவிட்டது என்பது அவர் கணிப்பு. உண்மை என்று எதுவுமே இல்லை என்பதல்ல. நம்மிடம் பெருங்கதை என்றொரு காப்பியமே இருப்பதால், நீளமான கதையெல்லாம் பெருங்கதையாடல் என்று மாணவர் நினைத்துவிட இடமுண்டு. முதல் வகுப்பிலேயே இதைத் தெளிவாக்க வேண்டும்.

பின்வரும் மூன்று சொற்களையும் தனித்தனியே ஆளுங்கள். காலத்தின் சமூக, அறிவுச் சூழலுக்குப் பின்நவீன நிலை. கலை இலக்கியப் போக்குக்குப் பின்நவீனத்துவம். மொழியும் பொருளும் பற்றிய கோட்பாட்டுக்குப் பின்அமைப்பியல். பிரெஞ்சு மெய்யியலாளர் தெரிதாவின் இடம் இதுதான். வெறும் ‘பின்நவீனம்’ வேண்டாம். நாவலையே நவீனம் என்று அழைத்த வழக்கு நமக்கு உண்டு. சொற்கள் பிரிந்தால் இலக்கிய விமர்சகர் ஜேம்சனின் நிலைப்பாடும் புரியும். பின்நவீனத்துவத்தைப் பிந்தைய முதலாளியத்தின் பண்பாட்டு விளைவாக விளக்கிய மார்க்சியர் அவர். அதன் ஆதரவாளர் வரிசையில் அவரைச் சேர்ப்பது தவறு.

வினாவை இப்படி மாற்றலாம்: ‘ஒரு தமிழ் நாவலை எடுத்துக்கொள்க. அது எந்த நவீனத்துவ மரபோடு முரண்படுகிறது? இரண்டு பத்திகளைச் சான்றாகக் காட்டுக.’ பட்டியலை ஒப்பித்து இதற்கு விடை எழுத முடியாது. நாவலைப் படித்திருக்க வேண்டும்.

அன்புடன்,
கோட்பாட்டுத் தாள் கற்பிக்கும் ஆசிரியர்கள்