பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்

வாடிக்கையாளரின் அடையாள அட்டையை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

வாங்கிய பொருளைத் திருப்பித் தரப் போனால், "ஓட்டுநர் உரிமத்தைக் கொடுங்கள், ஒரு நகல் எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார் கவுண்டரில் இருப்பவர். எதற்கு என்றால், "கம்பெனி விதி" என்பதற்கு மேல் அவருக்கும் தெரிவதில்லை. அவர் மேல் வருத்தமில்லை. விதியை எழுதியவர்கள் நீங்கள்.

ஆள் இவர்தானா, வயது சரியா என்று பார்ப்பது வேறு, அட்டையையே படமெடுத்துச் சேர்த்து வைப்பது வேறு. பார்க்கக் கண் போதும். வயதைத் தெரிந்துகொள்ள என் வீட்டு முகவரி எதற்கு? வங்கிக் கணக்கு, சிம் கார்டு போன்றவற்றுக்குச் சட்டமே பதிவு கேட்கும் நாடுகள் உண்டு. சரி, அங்கேயும் சட்டம் கேட்கிற அளவோடு நிறுத்துங்கள்.

பல நாடுகளில் துணிக்கடைகள் நடத்தும் அமெரிக்காவின் டிஜேஎக்ஸ் நிறுவனத்தின் கணினிகளுக்குள் திருடர்கள் புகுந்த செய்தி 2007-இல் வெளியே வந்தது. பொருளைத் திருப்பித் தந்தவர்களின் ஓட்டுநர் உரிம எண்களை அதன் கனடா கடைகள் குறித்து வைத்திருந்தன. விசாரித்த கனடாவின் தனியுரிமை ஆணையர், அந்த எண்களைச் சேகரித்ததே தவறு என்றார். அப்புறம்தான் நிறுவனம் ஒரு வழி சொன்னது: உரிம எண்ணை உடனே வேறொரு எண்ணாக மாற்றிவிட்டு, மூல எண்ணை வைத்துக்கொள்ளாமல் விடுவது. அடிக்கடி திருப்பித் தருபவரைக் கண்டுபிடிக்க அதுவே போதுமானதாக இருந்தது. திருட்டுக்கு முன்பே இதை யோசித்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

2018-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது: தேவையானதை மட்டும் வாங்கு, தேவை முடிந்ததும் அழி. ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் தொலைபேசி நிறுவனத்தில் 2022-இல் தரவு திருடுபோனபோது, எப்போதோ விலகிப்போன வாடிக்கையாளர்களும் மாட்டிக்கொண்டார்கள். கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை எப்படி மாற்றுவது?

ஏற்கெனவே எடுத்த நகல்கள் எங்கே இருக்கின்றன, யார் யார் திறந்து பார்க்கலாம், எந்தத் தேதியில் அழிப்பீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள். நகல் தர மறுப்பவரைத் திருப்பி அனுப்பாமல், அட்டையைப் பார்த்துவிட்டு "சரிபார்த்தேன்" என்று குறித்துக்கொள்ள உங்கள் ஊழியருக்கு அனுமதி கொடுங்கள்.

பதிலை எதிர்பார்க்கும்
ஒரு வாடிக்கையாளர்